எண் எழுதிய தலைவிதி

தலையெழுத்து என ஒன்று இல்லை என்பதை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். கட்டம் போட்டுக் கணித்தவன் சொல்லை நம்பிப் பிள்ளையின் படிப்பை நிறுத்தியவர்களைக் கண்டு இரங்குகிறோம். 'உனக்கு விதித்தது இவ்வளவுதான்' என்று ஒருவன் மற்றொருவனிடம் கூறும்போது, விதித்தவன் யார், விதித்ததற்குச் சான்று யாது என்று கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், அதே தலையெழுத்து, சோதிடன் வீட்டுத் திண்ணையிலிருந்து புறப்படாமல், ஆராய்ச்சிக்கூடத்து வாயில் வழியே, கையில் அளவுகோலும் நாவில் புள்ளிவிவரமுமாக வந்து நின்றால் என் செய்வோம்? அறிவியல் என்ற பெயரைக் கேட்டதும் கைகட்டி நிற்போமா? அல்லது அப்போதும் அதே கேள்வியைக் கேட்போமா?

இது கற்பனை அன்று, தோழர்களே! இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டுப் பள்ளிகளில் நடந்த வரலாறு. ஒரு குழந்தையை அழைத்து உட்காரவைத்தார்கள். ஒரு மணி நேரம் வினாக்கள் கேட்டார்கள். விடைகளைக் கூட்டி ஓர் எண் எழுதினார்கள். அந்த எண் குறைவாக இருந்தால், குழந்தை தனி வகுப்புக்குப் போயிற்று. பல வேளைகளில் அங்கிருந்து திரும்பி வரவே இல்லை. அந்த எண்ணுக்கு எதிராகச் சான்று தேடிப் புறப்பட்டவர்கள் சிலர் இருந்தனர். அவர்கள் கையில் படைக்கலம் ஏதும் இல்லை. குழந்தையின் வீட்டுப் படியேறினார்கள், தாயின் அருகே அமர்ந்தார்கள், "உங்கள் பிள்ளை வீட்டில் எப்படி?" என்று கேட்டார்கள். அவ்வளவே! அவர்களைத்தாம் இன்று பள்ளிச் சமூகப் பணியாளர்கள் என்று அழைக்கிறோம். அவர்களுடைய வரலாற்றில் பெருமையும் உண்டு, கறையும் உண்டு. இரண்டையும் எடுத்துரைப்பதே முறை.

பாரிசில் பிறந்த அளவுகோல்

முதலில் அளவுகோலின் பிறப்பைக் காண்போம். பிரெஞ்சு நாட்டில் 1882-ல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. அதுவரை பள்ளியையே காணாத குழந்தைகள் பள்ளிக்கு வந்தனர். சிலர் மற்றவர்களோடு சேர்ந்து கற்க இயலாமல் பின்தங்கினர். அவர்களுக்கென்று தனி உதவி செய்ய வேண்டும். ஆனால் அவர்கள் யார் என்று எப்படி அறிவது? ஆசிரியர் சொல்லை மட்டும் நம்பினால், அடங்காத பிள்ளையையும், அழுக்கு உடைப் பிள்ளையையும், ஆசிரியருக்குப் பிடிக்காத பிள்ளையையும் 'மந்த புத்தி' என்று தள்ளிவிடலாம் அல்லவா? இதை ஆராய 1904-ல் அரசு ஒரு குழு அமைத்தது. அக்குழுவில் இருந்த ஆல்பிரட் பினே என்ற உளவியல் அறிஞர், தியோடர் சிமோன் என்ற இளம் மருத்துவருடன் சேர்ந்து, 1905-ல் 30 சோதனைகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்.

நோக்கம் நல்ல நோக்கம். ஒருவருடைய விருப்பு வெறுப்பிலிருந்து குழந்தையைக் காப்பதற்கே அளவுகோல் பிறந்தது. அளந்த பிறகு அந்தக் குழந்தைக்குப் பயிற்சி தர வேண்டும், பயிற்சியால் அறிவு வளரும் என்பதும் பினேயின் கொள்கை. அறிவு என்பது பிறவியிலேயே அளந்து கொடுக்கப்பட்டு, கூடவும் குறையவும் இயலாத ஒரு பொருள் என்று கூறியவர்களை 1909-ல் அவர் கடுமையாகக் கண்டித்து எழுதினார். 1911-ல், 54-ஆம் வயதில் மறைந்தார். அவர் மறைந்தார், அளவுகோல் கடல் கடந்தது. கடல் கடந்த கருவியோடு, கருவி செய்தவரின் எச்சரிக்கை கடல் கடக்கவில்லை!

வீடு தேடிச் சென்ற வெறுப்பு

நியூஜெர்சி மாநிலத்தில் வைன்லாந்து என்னும் ஊரில், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான ஒரு பயிற்சிப் பள்ளி இருந்தது. அதன் ஆய்வுப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஹென்றி கோடர்டு. பினேயின் சோதனையை 1908-ல் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து, ஆங்கிலத்தில் பெயர்த்துப் பரப்பியவர் அவர். அறிவுக்குறைவு குடும்பவழியாக இறங்கும் ஒரு சொத்து என்பது அவருடைய உறுதியான எண்ணம். அதை மெய்ப்பிக்க அவர் என்ன செய்தார் தெரியுமா? தம் பள்ளியில் வளர்ந்த ஒரு பெண்ணின் உறவினர்களைத் தேடி, களப் பணியாளர்களை வீடுவீடாக அனுப்பினார்.

அவர்கள் வீடுகளுக்குச் சென்றனர். குடிசையைக் கண்டனர்; கிழிந்த ஆடையைக் கண்டனர்; களைத்த முகத்தைக் கண்டனர். கண்டதும், 'அறிவுக் குறையுடையவர்' என்று குறித்துக்கொண்டனர். சோதனைத்தாள்கூட வேண்டியிருக்கவில்லை, பார்வையே போதும் என்றனர்! உயிரோடு இருப்பவர்களை மட்டுமா அளந்தனர்? பல்லாண்டுகளுக்கு முன் இறந்துபோனவர்களையும், அண்டை வீட்டார் சொன்ன கதைகளைக் கொண்டு அளந்தனர். இவ்வாறு திரட்டிய செய்திகளை வைத்து, 'கல்லிகாக்' என்று புனைபெயர் சூட்டி, அக்குடும்பத்தின் கதையை 1912-ல் கோடர்டு நூலாக்கினார். நூல் நாடெங்கும் பரவிற்று. குடும்பவழிக் கணக்கே பிழை என்று பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். கோடர்டும் 1928-ல் தம் பழைய கருத்துகள் பலவற்றைக் கைவிட்டார். ஆனால் அதற்குள், விதைத்த நஞ்சு விளைந்துவிட்டது.

விளைச்சல் எத்தகையது என்பதற்கு ஒரு வழக்கே போதும். வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்ற ஏழைப் பெண். வளர்ப்பு வீட்டில் இருந்தவள். அந்த வீட்டாரின் உறவினன் ஒருவன் அவளைக் கெடுத்தான். 1924-ல், தன் 17-ஆம் வயதில், அவள் ஒரு பெண் குழந்தைக்குத் தாயானாள். குற்றம் செய்தவனைத் தேடவில்லை. அவளைப் பிடித்து, அறிவுக் குறையுடையவள் என்று கூறி, அவளுடைய தாய் அடைபட்டிருந்த அதே நிலையத்தில் அடைத்தனர். அத்தகையோருக்குக் குழந்தை பிறவாதபடி அறுவை செய்ய அம்மாநிலம் அவ்வாண்டுதான் சட்டம் இயற்றியிருந்தது. அச்சட்டத்தின் செல்லுபடியை நிலைநாட்ட ஒரு வழக்கு வேண்டியிருந்தது, கேரி கிடைத்தாள்.

நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர்களுள் ஒருவர், செஞ்சிலுவைச் சங்கத்தின் சமூகப் பணியாளர். கேரியின் கைக்குழந்தையைப் பார்த்தவர் அவர். இவ்வளவு சிறு குழந்தையைப் பற்றி உறுதி கூறுவது கடினம் என்று தொடங்கி, ஆயினும் அதன் தோற்றத்தில் ஏதோ இயல்புக்கு மாறாகத் தெரிகிறது என்று முடித்தார். பிறந்து எட்டு மாதம் ஆன குழந்தை, தோழர்களே! அந்தச் சொல் பாட்டி, தாய், மகள் என்ற மூன்று தலைமுறைக் கணக்கை நிறைவு செய்தது. 1927 மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அறுவைக்கு இசைவளித்தது. மூன்று தலைமுறை மூடர் போதும் என்று நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். அவ்வாண்டு அக்டோபரில் கேரிக்கு அறுவை நடந்தது.

'இயல்புக்கு மாறான' அந்தக் குழந்தை என்ன ஆயிற்று? விவியன் என்ற அச்சிறுமி பள்ளிக்குச் சென்றாள். 1931-ல், நன்கு கற்கும் மாணவர் பட்டியலில் அவள் பெயர் இடம்பெற்றது. 1932-ல், எட்டாவது வயதில், நோய்வாய்ப்பட்டு இறந்தாள். கேரியின் பள்ளிப் பதிவேட்டைப் பின்னாளில் புரட்டியவர்கள், அவளும் ஆறாம் வகுப்புவரை ஒழுங்காகப் படித்துத் தேறியவள் என்பதைக் கண்டனர். பதிவேடு பள்ளியிலேயே இருந்தது. எடுத்துப் பார்க்க யாரும் போகவில்லை!

படியேறிய ஆசிரியைகள்

வீட்டுக்குச் சென்று பார்ப்பது மட்டுமே நன்மை ஆகிவிடாது என்பது இதனால் விளங்குகிறது. எந்த எண்ணத்தோடு செல்கிறோம் என்பதே பெரிது. அதே ஆண்டுகளில், அதே நாட்டில், வேறோர் எண்ணத்தோடு வீடுகளுக்குச் சென்றவர்களும் இருந்தனர்.

1906, 1907 ஆகிய ஆண்டுகளில் நியூயார்க், பாஸ்டன், ஹார்ட்போர்டு ஆகிய மூன்று நகரங்களில், ஒன்றையொன்று பாராமலே, ஒரே முயற்சி முளைத்தது. நியூயார்க்கில், ஏழை மக்கள் குடியிருப்பின் நடுவே தங்கித் தொண்டாற்றிய நிலையங்களின் பெண்கள், பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே நடந்தனர். குடியேறி வந்த தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த மாடிக் குடியிருப்புகள் அவை. ஆசிரியருக்குத் தாயைத் தெரியாது. தாய்க்கு ஆசிரியரின் மொழி தெரியாது. நடுவில் நின்ற குழந்தைக்கு இரண்டு பக்கமும் திட்டு! அந்த நிலையில், பள்ளியில் குழந்தை தடுமாறினால் வீட்டில் என்ன நேர்ந்தது என்று கேட்கவும், வீட்டில் நேர்ந்ததைப் பள்ளிக்கு எடுத்துச் சொல்லவும் தோன்றியவர்கள் இவர்கள். 'வருகை ஆசிரியை' என்று அவர்களுக்குப் பெயர் வழங்கிற்று.

ஹார்ட்போர்டு நகரத்து முயற்சி நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே ஓர் உளவியல் ஆய்வு நிலையத்தின் தலைவரே இப்பணியைத் தொடங்கினார். சோதனை அறையில் தாம் காணும் குழந்தையின் பின்புலம் தமக்குத் தெரியவில்லை. அதை அறிந்துவர ஒருவர் வேண்டும். நிலையம் கூறும் அறிவுரையை வீட்டிலும் பள்ளியிலும் நிறைவேற்றவும் அவரே வேண்டும் - இது அவருடைய தேவை. ஆகவே, குழந்தையைச் சோதிப்பதற்கும் சமூகப் பணிக்கும் உள்ள உறவு பின்னாளில் ஒட்டவைத்ததன்று, பிறக்கும்போதே இருந்தது.

1913-ல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரக் கல்விக் கழகம், தன் சொந்தப் பணத்திலேயே வருகை ஆசிரியையை அமர்த்தியது. தனியார் ஈகையாக இருந்த பணி, பள்ளியின் கடமைகளுள் ஒன்றாகும் காலம் அன்று தொடங்கிற்று. 1917-ல் மேரி ரிச்மண்டு என்ற அம்மையார், சமூகப் பணியாளர் செய்தி திரட்டும் முறையைப் பெருநூலாக வகுத்தார். கேள்விப்பட்டது வேறு, கண்டது வேறு. ஊகம் வேறு, சான்று வேறு என்று பிரித்தறியும் பயிற்சியே அந்நூலின் உயிர். கோடர்டின் களப் பணியாளர்களிடம் இல்லாது போனது இந்தப் பயிற்சிதான்! 1921-ல் காமன்வெல்த் நிதியம் என்ற அறநிறுவனம், நாட்டின் 30 ஊர்களில் வருகை ஆசிரியைகளை அமர்த்திக் காட்டும் திட்டத்தைத் தொடங்கியது. நகரத்துக்கு மட்டுமன்று, நாட்டுப்புறத்துக்கும் இப்பணி பொருந்தும் என்பது விளங்கிற்று.

இங்கே ஒரு விந்தையைக் குறிப்பிட வேண்டும். வெறுப்பு விதைக்கப்பட்ட அதே வைன்லாந்தில், கோடர்டுக்குப் பின் வந்த எட்கர் டால் என்ற அறிஞர், 1935-ல் வேறொரு அளவுகோல் செய்தார். குழந்தையிடம் புதிர் போடுவதில்லை. குழந்தையை நன்கறிந்த தாயிடமோ வளர்ப்பவரிடமோ கேட்பது: தானாக உண்கிறதா? உடுத்துகிறதா? தெருவைக் கடக்கிறதா? காசைக் கையாள்கிறதா? தம்பியைப் பார்த்துக்கொள்கிறதா? புதிருக்கு விடை தெரியாதவன் வாழ்க்கைக்கும் விடை தெரியாதவன் என்று முடிவு கட்ட இயலாது என்பதை இந்த முறை எடுத்துக்காட்டியது. அன்றாட வாழ்வை நடத்தும் இந்த ஆற்றலையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது, கால் நூற்றாண்டுக்குப் பின், அத்துறை அறிஞர் சங்கத்தின் இலக்கணத்திலேயே இடம்பெற்றது.

ஆறு மணி நேர மந்தர்கள்

ஏட்டில் இடம்பெற்றது, பள்ளியில் இடம்பெற்றதா? இல்லை. தனி வகுப்புகள் பெருகின. எண் ஆட்சி செய்தது. அந்த வகுப்புகளில் அமர்ந்திருந்தவர்கள் யார் என்று பார்த்தால் உண்மை தெரியும். 1968-ல் லாயிடு டன் என்ற சிறப்புக் கல்வி அறிஞர் - அந்தத் துறையிலேயே ஊறியவர் - துணிந்து எழுதினார்: இந்த வகுப்புகளில் இருப்போரில் 60 முதல் 80 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர், செவ்விந்தியர், மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ வழிவந்தோர், ஆங்கிலம் பேசாத வீட்டார், வறுமை வீட்டார். அறிவுக்குறை ஏழைகளை மட்டும் தேடிப் பிடிக்கும் நோயா? அல்லது தேடியவர்களின் கண்ணில் குறையா?

1969-ல் குடியரசுத் தலைவரின் குழு ஒன்று கூட்டிய மாநாடு, இதற்கு ஒரு பெயர் சூட்டியது: 'ஆறு மணி நேர மந்தக் குழந்தை'. காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை பள்ளியில் மந்தன். மணி அடித்ததும், தெருவில் கெட்டிக்காரன், கடைக்குச் சென்று சில்லறை சரிபார்ப்பவன், தங்கைக்குச் சோறு ஊட்டுபவன், தாய்க்கு மொழிபெயர்ப்பவன். மணியடிக்கும் ஓசையில் அறிவு வந்துபோகுமா என்ன?

கலிபோர்னியாவில் ரிவர்சைடு என்ற நகரத்தில் ஜேன் மெர்சர் என்ற சமூகவியல் அறிஞர் ஆண்டுக்கணக்கில் இதை ஆராய்ந்து, 1973-ல் நூலாக வெளியிட்டார். நுண்ணறிவுச் சோதனையில் 70-க்குக் கீழே பெற்றவர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் அன்றாட வாழ்வை எப்படி நடத்துகிறார்கள் என்றும் பார்த்தார். வெள்ளையருள் சோதனையில் தவறியவர்கள் வாழ்க்கைத் திறனிலும் தவறினர். மெக்சிகோ வழிவந்தோருள் பத்தில் ஆறு பேர் வாழ்க்கைத் திறனில் தேறினர். கறுப்பினத்தவருள் பத்தில் ஒன்பது பேர் தேறினர்! ஒரே எண்தான், ஆனால் ஓர் இனத்தாரிடம் அது ஒன்றைக் குறித்தது, மற்றோர் இனத்தாரிடம் வேறொன்றைக் குறித்தது. ஆகவே எண்ணை மட்டும் பார்த்தவன் ஏமாந்தான். வீட்டையும் பார்த்தவன் உண்மையைக் கண்டான்.

நீதிமன்றக் கதவும் தட்டப்பட்டது. கலிபோர்னியாவில் மெக்சிகோ வழிவந்த ஒன்பது குழந்தைகள், வீட்டில் ஸ்பானிய மொழி பேசுபவர்கள், ஆங்கிலத்தில் சோதிக்கப்பட்டுத் தனி வகுப்பில் தள்ளப்பட்டிருந்தனர். தாய்மொழியிலும் விடை கூற இடமளித்து மீண்டும் சோதித்தபோது, சராசரி 15 புள்ளிகள் உயர்ந்தன. பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவரே அல்லர் என்பது தெரிந்தது. டயானா வழக்கு என்று பெயர்பெற்ற அது, 1970-ல் உடன்பாட்டில் முடிந்தது: குழந்தையை அதன் தாய்மொழியில் சோதிக்க வேண்டும். தாய்மொழி அறியாதவன் அளந்தால், அளக்கப்படுவது குழந்தையின் அறிவா, அளப்பவனின் அறியாமையா?

அடுத்து லாரி வழக்கு. சான்பிரான்சிஸ்கோ பள்ளிகளில் கறுப்பின மாணவர் 28.5 விழுக்காடு, மந்தர் வகுப்பிலோ 66 விழுக்காடு! 1971-ல் தொடுக்கப்பட்ட அவ்வழக்கில், 1979-ல் நீதிபதி இராபர்ட் பெக்காம் தீர்ப்பளித்தார். கறுப்பினக் குழந்தைகளை அவ்வகுப்புகளில் தள்ளுவதற்கு நுண்ணறிவுச் சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்றார். குழந்தை பள்ளிக்கு வெளியே எப்படி வாழ்கிறது, எப்படி வளர்ந்தது என்ற செய்திகள் போதிய அளவு கருதப்படாததையும் அவர் சுட்டினார். 1980-ல் சிக்காகோ நகர வழக்கொன்றில் மற்றொரு நீதிபதி இதற்கு மாறாகத் தீர்ப்புக் கூறினார் என்பதையும் மறைக்காமல் சொல்வோம். சோதனை வினாக்களில் பழுதுள்ளவை மிகச் சிலவே என்றார் அவர். ஆனால் அவர் கூறிய காரணங்களுள் மற்றொன்றைக் கவனியுங்கள்: எண்ணை மட்டும் கொண்டு யாரும் முடிவு செய்வதில்லை, பலர் கூடிப் பலவற்றை ஆராய்ந்தே முடிவு செய்கின்றனர் என்பது! இரு நீதிபதிகளும் எதிரெதிர்த் திசையில் நடந்தாலும், எண் தனித்து ஆளலாகாது என்ற இடத்தில் நெருங்கி வந்தனர்.

சட்டம் தந்த இடம்

தள்ளப்பட்டவர்களின் கதை இது. தடுக்கப்பட்டவர்களின் கதை ஒன்றும் உண்டு. மெய்யாகவே குறையுடைய குழந்தைகள், பள்ளி வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டனர். 1972-ல் பென்சில்வேனியா வழக்கும், வாசிங்டன் நகரத்து மில்ஸ் வழக்கும், எந்தக் குழந்தையையும் அவ்வாறு விரட்டலாகாது என்று நிலைநாட்டின. 1975 நவம்பர் 29-ல் குடியரசுத் தலைவர் போர்டு கையெழுத்திட்ட சட்டம், நாட்டில் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட குறையுடைய குழந்தைகள் உள்ளனர், அவர்களில் 10 இலட்சம் பேருக்குப் பள்ளிக்கதவு முற்றிலும் அடைபட்டுள்ளது என்று தன் முகப்பிலேயே ஒப்புக்கொண்டது.

அச்சட்டமும், 1977-ல் வந்த அதன் விதிகளும் கூறுவன யாவை? ஒரே ஒரு சோதனையைக் கொண்டு முடிவு செய்யாதே. குழந்தையின் மொழியில் சோதி. பெற்றோர் இசைவு பெறு. பல துறையினர் கூடி ஆராயுங்கள். வறுமையாலோ, சூழலாலோ, பண்பாட்டு வேறுபாட்டாலோ வந்த பின்னடைவைக் கற்றல் குறைபாடு என்று எழுதாதே. இவற்றோடு, பள்ளிச் சமூகப் பணி என்றால் என்ன என்பதையும் விதிகள் வரையறுத்தன. அந்த வரையறையில் முதலில் நிற்பது, குழந்தையின் சமூக வரலாற்றை, அல்லது வளர்ச்சி வரலாற்றை எழுதுதல். 1907-ல் ஹார்ட்போர்டில் ஒருவர் தேவையாக உணர்ந்தது, 70 ஆண்டுகளுக்குப் பின் நாட்டின் விதியாயிற்று. 1990-லும் 2004-லும் சட்டம் திருத்தப்பட்டது, பெயர் மாறிற்று, 2010-ல் 'மந்தர்' என்ற பழஞ்சொல்லும் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. சமூகப் பணியாளரின் இடம் மட்டும் நின்றது.

வளர்ச்சி வரலாறு என்றால் வெறும் படிவம் என்று எண்ணிவிடாதீர்கள். எண்ணிப் பாருங்கள்: ஒரு சிறுவன் வகுப்பில் கேட்ட கேள்விக்கு விடை சொல்வதில்லை. ஆசிரியர் 'மந்தம்' என்கிறார். சோதனை எண்ணும் குறைவு. சமூகப் பணியாளர் வீட்டுக்குச் சென்று கேட்கிறார். பேச்சு எப்போது வந்தது? காதில் சீழ் வடிந்ததுண்டா? வீட்டில் எந்த மொழி? இதுவரை எத்தனை பள்ளி மாறினான்? இரவில் எங்கே உறங்குகிறான்? யாராவது இறந்தார்களா, பிரிந்தார்களா? எதைச் செய்யும்போது அவன் முகம் மலர்கிறது? ஒரு விடையில் செவிக்குறை வெளிப்படலாம். அப்போது வேண்டியது தனி வகுப்பன்று, காது மருத்துவர். மற்றொரு விடையில், வேலை தேடி ஊர் ஊராய் அலைந்த குடும்பம் வெளிப்படலாம். அப்போது வேண்டியது விடுபட்ட பாடம். வேறொரு விடையில், வீட்டிலும் அதே தடுமாற்றம், சிறு வயது முதலே இருந்தது என்று தெரியலாம். அப்போது சிறப்புக் கல்வி அவனுக்குத் தண்டனையன்று, உரிமை. மூன்று சிறுவர்க்கும் எண் ஒன்றாகவே இருந்திருக்கும். வரலாறுதான் அவர்களைப் பிரித்துக்காட்டுகிறது.

பெற்றோர் பக்கமும் உண்டு. நான்கைந்து அதிகாரிகள் மேசையைச் சுற்றி அமர்ந்து, விளங்காத சொற்களைப் பேசி, 'இங்கே கையெழுத்திடு' என்று கூறினால், கூலித் தொழிலாளியான தாய் என் செய்வாள்? அஞ்சிக் கையெழுத்திடுவாள். அந்தக் கூட்டத்தில் அவளை முன்பே அறிந்த ஒருவர் இருந்து, சொல்லின் பொருளை விளக்கி, 'இசைவு மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு' என்று கூறினால்தான், இசைவு என்ற சொல்லுக்கு இசைவான பொருள் உண்டு.

நாம் பெறும் பாடம்

போர் முடிந்துவிட்டதா? இல்லை. சோதிக்கும் குழுவில் சமூகப் பணியாளர் கட்டாயம் இருந்தாக வேண்டும் என்று அமெரிக்க மைய அரசின் சட்டம் கூறவில்லை. 250 மாணவருக்கு ஒருவர் வேண்டும் என்பது அத்துறைச் சங்கங்களின் பரிந்துரை. பல பள்ளிகள் அதற்கு எட்டாத தொலைவில் நிற்கின்றன. ஒருவரே பல பள்ளிகளுக்கு ஓடும் இடத்தில், வீட்டுப் படியேற நேரம் ஏது? தொலைபேசியில் நான்கு கேள்வி, படிவத்தில் நான்கு வரி! அறிவு வளர்ச்சிக் குறை என்ற வகையில் கறுப்பினக் குழந்தைகள் தம் தொகைக்கு மிஞ்சி இன்றும் இடம்பெறுகின்றனர் என்று அரசின் அறிக்கைகளே கூறுகின்றன. மறுபுறம், உதவி வேண்டிய சிறுபான்மைக் குழந்தைகள் பலர் கண்டறியப்படாமலே விடப்படுகின்றனர் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. தள்ளுவதும் தவறு, தவறவிடுவதும் தவறு. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: குழந்தையை முழுமையாக அறிதல்.

இன்னொரு இடரையும் மறந்துவிடலாகாது. வீட்டு வரலாறு எழுதப் போனவர், குற்றப்பத்திரிகை எழுதித் திரும்பலாம். 'தாய் அக்கறையற்றவள்; வீடு ஒழுங்கற்றது' என்று இரண்டு வரியில் பழியை வீட்டின்மேல் போட்டுவிட்டால், பள்ளி தப்பித்துக்கொள்ளும். தாய் ஏன் பள்ளிக் கூட்டத்துக்கு வரவில்லை? அந்த நேரத்தில் அவள் ஆலையில் நின்றாள் என்பதை எழுதினால் வரலாறு; வரவில்லை என்று மட்டும் எழுதினால் வைன்லாந்து!

பகுத்தறிவு என்றால் அறிவியலின் பெயரால் வந்த அனைத்தையும் வணங்குவதன்று என்பதை இந்த நூறாண்டுக் கதை நமக்குக் கற்பிக்கிறது. அளவுகோலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை நாம். அளவுகோல் இல்லாத நாளில் ஆசிரியரின் விருப்பு வெறுப்பே தீர்ப்பாக இருந்தது என்பதை அறிவோம். அளவுகோலையும் அளந்து பார் என்கிறோம். யார் செய்தது, யாரை வைத்துச் செய்தது, எந்த மொழியில் கேட்டது, எதைக் கேட்காமல் விட்டது என்று விசாரி என்கிறோம். கோடர்டின் ஆட்களும் தம்மை அறிவியலார் என்றே எண்ணினர். அவர்களிடம் இல்லாதது ஐயம். முன்பே முடிவு செய்துகொண்டு சான்று தேடினர், தேடியது கிடைத்தது. பள்ளிச் சமூகப் பணியாளர்களுள் சிறந்தவர்களோ, முடிவை ஒத்திவைத்துவிட்டுப் படியேறினர், தேடாதது கிடைத்தது.

வகுப்பறையில் கடைசி வரிசையில் வாய்திறவாது அமர்ந்திருக்கும் பிள்ளையைப் பார்க்கும் ஆசிரியர்களாகிய நமக்கும், ஆசிரியர்களாகப் போகும் தோழர்களுக்கும் ஒன்று கூறுவோம். 'இவனுக்கு ஏறாது' என்ற சொல் நாவில் எழும்போது, அதற்குமுன் நாம் கேட்டறிந்தவை எத்தனை என்று எண்ணுவோம். காது கேட்கிறதா? கண் தெரிகிறதா? காலையில் உண்டானா? வீட்டில் என்ன மொழி, என்ன துயர், என்ன வேலை? இவற்றுக்கு விடை தெரியாமல் அந்தச் சொல்லைச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. விவியனின் பெயர் நன்மாணவர் பட்டியலில் இருந்தது. அவளை அளந்தவர்கள் அந்தப் பட்டியல் வரும்வரை காத்திருக்கவில்லை.